அத்தியாயம் 6: விடுதிக்குச் சைக்கிள் தேவையா?

கல்லூரியில் இடம் கிடைத்த வாரமே வீட்டில் ஒரு பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். பக்கெட், மக், பாய், தலையணை, பூட்டு, கொடிக்கயிறு என்று அது நீளும். கடைசியில் யாராவது ஒருவர், "சைக்கிள் சும்மாதானே நிக்குது, அதையும் ஏத்திவிட்டா என்ன?" என்பார். அப்பாவுக்குச் சரியென்று படும். "புது ஊர்ல லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஓட்டணுமா?" என்று அம்மா தடுப்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் பிள்ளை படிக்கப்போகும் வளாகத்தை இருவருமே சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சைக்கிள் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது அந்த வளாகம்தான். அதனால் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இது: வெறுங்கையோடு போங்கள், முதல் இரண்டு வாரம் நடங்கள், அப்புறம் முடிவெடுங்கள். இரண்டு வாரத்தில் கால அட்டவணை நிலைக்கு வந்துவிடும். எந்த வகுப்பு எந்தக் கட்டடத்தில், மெஸ் எங்கே, பஞ்சர் கடை எங்கே என்பதெல்லாம் தெரிந்துவிடும். சீனியர்களில் யார் சைக்கிளை விற்கப்போகிறார்கள் என்ற தகவல்கூடக் காதுக்கு வரும். இந்த யோசனைக்கு விலக்கான வளாகங்களும் உண்டு. அவற்றைக் கீழே சொல்கிறேன்.

முதலில் விதியைக் கேளுங்கள்

தூரம், விலை எல்லாம் அப்புறம். விடுதி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். மாணவர்கள் வளாகத்துக்குள் சைக்கிள் ஓட்டலாமா? அதற்குப் பதிவோ ஸ்டிக்கரோ வேண்டுமா? இரவில் எங்கே நிறுத்த வேண்டும்?

சில தனியார் கல்லூரிகளில் விடுதி மாணவர்கள் வாயிலைத் தாண்டவே கையெழுத்துப் போட வேண்டும். வாரம் ஒருநாள்தான் வெளியே விடுவார்கள். விடுதியும் வகுப்பும் எதிரெதிரே இருக்கும் அப்படிப்பட்ட இடத்தில் சைக்கிள் நான்கு வருடமும் ஸ்டாண்டிலேயே நிற்கும். மாணவர்கள் பைக், ஸ்கூட்டர் வைத்துக்கொள்ளத் தடை போட்ட வளாகங்கள் இதற்கு நேர்மாறு. சென்னை ஐ.ஐ.டி. அப்படித்தான். அங்கே மாணவருக்குக் கால் உண்டு, வளாகப் பேருந்து உண்டு, சைக்கிள் உண்டு. வேறு வழி கிடையாது.

ஏக்கரைப் பார்க்காதீர்கள், நடையை எண்ணுங்கள்

கல்லூரியின் அறிமுகப் புத்தகம் ஏக்கர் கணக்கைப் பெருமையாகப் போடும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முந்நூறு ஏக்கர் இருந்தாலும் விடுதிக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு மைதானம் மட்டும் இருக்கலாம். நூறு ஏக்கரிலேயே விடுதி ஒரு கோடியிலும் ஆய்வகம் மறுகோடியிலும் இருக்கலாம். நீங்கள் எண்ண வேண்டியது உங்கள் ஒரு நாள் நடையை.

கணக்கு சுலபமானது. சாதாரணமாக நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம். சைக்கிளில் நிதானமாக மிதித்தால் நான்கைந்து நிமிடம். விடுதியிலிருந்து வகுப்புக்கு 1 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் போகிறீர்கள், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறீர்கள், மறுபடி போகிறீர்கள், மாலையில் திரும்புகிறீர்கள். அதுவே 4 கிலோமீட்டர். இரவு நூலகமோ மைதானமோ போய்வந்தால் 6 கிலோமீட்டர் ஆகிவிடும். நடந்தால் 72 நிமிடம், சைக்கிளில் 30 நிமிடத்துக்குள். ஒரு நாளில் முக்கால் மணி நேரம் மிச்சம். காலை எட்டு மணி வகுப்பு இருப்பவருக்கு அந்த முக்கால் மணியின் அருமை தெரியும்.

அந்தத் தூரம் 400 மீட்டராக இருந்தால் கதை வேறு. நடந்தால் ஐந்து நிமிடம். சைக்கிளில் ஓட்டுவது இரண்டு நிமிடம்தான் என்றாலும் பூட்டைத் திறந்து, நெரிசலிலிருந்து வண்டியை உருவி, போன இடத்தில் மறுபடி பூட்டுவதற்குள் அந்த ஐந்து நிமிடம் போய்விடும். ஒருவழித் தூரம் 600 மீட்டருக்குள் என்றால் சைக்கிளால் லாபமில்லை. ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் கேள்வியே இல்லை, வாங்கிவிடலாம். நடுவில் இருப்பவர்கள் மதியம் சாப்பிட விடுதிக்குத் திரும்ப வேண்டுமா என்று பாருங்கள். அந்த ஒரு நடைதான் நாளின் தூரத்தை இரட்டிப்பாக்குகிறது.

சில வளாகங்களை வைத்துப் பார்ப்போம்

சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் தொடங்கியது. கிண்டிக் காட்டை ஒட்டி 617 ஏக்கர். சர்தார் படேல் சாலை வாயிலிலிருந்து கஜேந்திரா சர்க்கிள் வரைக்குமே ஒரு நல்ல நடை. அதைத் தாண்டி வகுப்புகள், அப்புறம்தான் காவேரி, நர்மதா, கோதாவரி என்று ஆறுகளின் பெயரில் விடுதிகள். பேருந்து ஓடினாலும் அது உங்கள் வகுப்பு முடியும் நேரம் பார்த்து வராது. தரை சமதளம், சாலையெங்கும் மரநிழல். இங்கே இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, முதல் வாரமே சைக்கிள் தேடலாம். ஒரு எச்சரிக்கை: புள்ளிமான்கள் சாலையில் குறுக்கே பாயும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. முன்விளக்கு இல்லாமல் இரவில் ஓட்டக் கூடாது. ஹேண்டில் கூடையில் தின்பண்டத்தை வைத்துவிட்டு நகர்ந்தால் குரங்குகளுக்குத்தான் கொண்டாட்டம்.

திருச்சி என்.ஐ.டி. துவாக்குடியில், தஞ்சாவூர் நெடுஞ்சாலையை ஒட்டி 800 ஏக்கரில் இருக்கிறது. இங்கே விடுதிகளுக்கு ரத்தினங்களின் பெயர். தூரத்தோடு வெயிலும் சேர்ந்துகொள்ளும் இடம். மார்ச் மாத மதியத்தில் ஒரு கிலோமீட்டர் நடப்பதும் அதே தூரத்தைச் சைக்கிளில் கடப்பதும் ஒன்றல்ல என்பதை எந்தத் திருச்சிக்காரரும் சொல்வார். இங்கேயும் சைக்கிள் தேவைதான். ஆனால் அதை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். ஊருக்குள் போகப் பேருந்து இருக்கிறது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. 365 ஏக்கர், பெரும்பகுதி புதர்க்காடும் மரங்களும். விடுதிகள் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன, பாதைகள் நிழலானவை. இங்கே சைக்கிள் வசதிக்குத்தானே தவிரக் கட்டாயமில்லை. நான் முதலில் சொன்ன இரண்டு வார நடை இப்படிப்பட்ட இடத்துக்கே மிகவும் பொருந்தும்.

நகரத்தின் நடுவே இருக்கும் கல்லூரிகளில் உள்ளே நடைதான். வெளியே போக மெட்ரோவோ பேருந்தோ இருக்கும். வளாகத்துக்குள் ஓட்டச் சைக்கிள் வேண்டியதில்லை. வாடகை அறை எடுத்து மூன்று நான்கு கிலோமீட்டரிலிருந்து வருபவருக்கு மட்டும் அது பயன்படும். அவர் முதலில் பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல, வழியில் இருக்கும் சந்திப்புகளையும் மேம்பாலங்களையும். பிரதான சாலையைத் தவிர்த்துத் தெருவழியாகப் போக முடிந்தால் ஓட்டலாம்.

தமிழ்நாட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு ஒன்று. கரக்பூர் ஐ.ஐ.டி. 2,100 ஏக்கர். அங்கே சைக்கிள் இல்லாத மாணவரைப் பார்ப்பது அரிது. இங்கிருந்து இரண்டு மாநிலம் கடந்து ரயிலில் ஏற்றிப்போவதைவிட அங்கே போய் வாங்குவதே சிக்கனம். எல்லோரும் சைக்கிள் வைத்திருக்கும் ஊரில் பழைய சைக்கிளுக்குப் பஞ்சம் இருக்காது.

வாடகைச் சைக்கிள் இருக்கிறதே என்று யாராவது சொன்னால், இருக்கும்வரை பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் நான்கு வருடத்துக்கு அதை நம்பாதீர்கள். ஓஃபோ என்ற சீன நிறுவனத்தின் மஞ்சள் சைக்கிள்கள் கோவையில் ஓடின. 2018-இலேயே அந்த நிறுவனம் இந்தியாவிலிருந்து வெளியேறிவிட்டது.

வீட்டுச் சைக்கிளா, புதியதா, பழையதா?

அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படித்தவர்கள் பலரிடம் பதினோராம் வகுப்பில் கிடைத்த விலையில்லா மிதிவண்டி இருக்கும். கியர் கிடையாது, பளபளப்பும் கிடையாது. ஆனால் வளாகத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது: கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, எந்தக் கடையிலும் கிடைக்கும் உதிரிபாகம். அதை ஓட்டிப்போக வெட்கப்பட ஒன்றுமில்லை. பூட்டை உடைக்க வருபவன் பக்கத்தில் நிற்கும் கியர் சைக்கிளைத்தான் முதலில் பார்ப்பான்.

கொண்டுபோகுமுன் இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தச் சைக்கிள் உண்மையிலேயே சும்மா நிற்கிறதா? தம்பி அதில்தான் டியூஷனுக்குப் போகிறான், அப்பா அதில்தான் ரேஷன் கடைக்குப் போகிறார் என்றால், விடுதிக்கு ஏற்றிவிடுவது வீட்டின் வண்டியைப் பிடுங்குவதாகிவிடும். அப்புறம் அவர்களுக்கு ஒன்று வாங்க வேண்டிவரும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் ஆசைக்கும் தேவைக்கும் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சமதளமான வளாகத்தில் கியர் வேண்டாம். கியர் கம்பி தளர்ந்தால் செயின் கழலும், சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்க மாட்டார். மலிவான கியர் சைக்கிள்களின் முன்பக்க ஸ்பிரிங் ஷாக், எடையைக் கூட்டி மழையில் துருப்பிடிப்பதைத் தவிர வேறெதையும் சாதிப்பதில்லை. தடித்த டயர் தார்ச்சாலையில் மிதிப்பைக் கனமாக்கும். ஒற்றை வேகம், நடுத்தர டயர், முழு மட்கார்டு, முழுச் செயின் கவர் இவை போதும். துப்பட்டா அணியும் பெண்களுக்குச் செயின் கவர் வசதியல்ல, பாதுகாப்பு. பின்சக்கரத்தில் சேலை வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். சீட்டின் உயரம், பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி இருக்க வேண்டும். நம்மூரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்பார்கள்.

பழையது வாங்குவதுதான் முதலாண்டு மாணவருக்கு நல்ல வழி என்பது என் எண்ணம். கல்வியாண்டு முடியும்போது கடைசி வருட மாணவர்கள் விற்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் விடுதியைச் சுற்றிக் கேட்டால் மிச்சம் இருப்பது கிடைக்கும். வாங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சோதியுங்கள்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். ரிம் பிரேக் கட்டையில் ஒருபக்கம் உரசி உரசிப் போனால் கோட்டம் இருக்கிறது. கொஞ்சம் என்றால் ஸ்போக்ஸ் முறுக்கிச் சரிசெய்யலாம்.

பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் உள்ளே பால்ரஸ் தேய்ந்திருக்கும்.

முன்பல்சக்கரத்தில் செயினை விரலால் வெளியே இழுங்கள். பல் பாதி தெரியுமளவு விலகி வந்தால் செயின் முடிந்தது.

ஃப்ரேமின் பற்றவைப்புகளை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

மற்ற குறைகளுக்குப் பக்கத்துக் கடையில் என்ன செலவாகும் என்று கேட்டு, அந்தத் தொகையை விலையில் குறைத்துப் பேசுங்கள். கையோடு பழைய பில்லையும் கேளுங்கள். பில் இல்லையென்றால் விற்றவர் பெயர், தேதி, தொகை எழுதிய ஒரு தாளில் கையெழுத்தாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றிப்போகும் விதம்

ரயிலில் சைக்கிளைப் பெட்டிக்குள் கொண்டுபோக முடியாது. டிக்கெட்டோடு கிடைக்கும் இலவச எடை வரம்பிலும் அது வராது. பார்சல் அலுவலகத்தில் பதிவுசெய்து பிரேக் வேனில் அனுப்ப வேண்டும். வண்டி இரண்டு நிமிடமே நிற்கும் சின்ன நிலையத்தில் ஏற்ற முடியாமல் போகலாம். அதனால் முதல் நாளே போய்க் கேட்டுவிடுங்கள். ஆம்னி பஸ், பார்சல் லாரிக்காரர்களும் ஏற்றுவார்கள். கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

எதில் அனுப்பினாலும் ஹேண்டிலைத் தளர்த்தி ஃப்ரேமுக்கு இணையாகத் திருப்புங்கள், பெடலைக் கழற்றுங்கள், ஃப்ரேமில் பழைய துணியோ அட்டையோ சுற்றுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் முறுக்கி மரையைக் கெடுப்பவர்கள் அதிகம். பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

அனுப்பும் கூலியும் போய்ச் சேர்ந்தபின் பூட்டிச் சரிசெய்யும் கூலியும் சேர்ந்து, அங்கே ஒரு பழைய சைக்கிள் விலையில் பாதியைத் தொட்டால் வீட்டுச் சைக்கிளை வீட்டிலேயே விடுங்கள்.

பூட்டும் நிழலும்

விடுதியில் சைக்கிள் காணாமல் போவது இரண்டு விதம். ஒன்று திருட்டு. மற்றது, "அவசரம்டா, அஞ்சு நிமிஷம்" என்று எடுத்துப்போன நண்பன் நூலக வாசலில் விட்டுவிட்டு நடந்தே திரும்பிவிடுவது. இரண்டாவதற்கு ஒரே மருந்து சாவியை ஆணியில் மாட்டாமல் சட்டைப்பையில் வைத்திருப்பது. கொடுக்கவே கூடாது என்றில்லை. கேட்டு வாங்கிப்போக வேண்டும் என்ற பழக்கத்தை முதல் மாதமே ஏற்படுத்திவிடுங்கள்.

திருட்டுக்கு நல்ல பூட்டு வேண்டும். மெல்லிய கேபிள் பூட்டைச் சாதாரணக் கட்டிங் பிளேயரே வெட்டிவிடும். தடித்த சங்கிலியோ யு வடிவ இரும்புப் பூட்டோ வாங்குங்கள். சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பூட்டுக்குச் செலவழித்தால் தப்பில்லை. பின்சக்கரத்தையும் ஃப்ரேமையும் சேர்த்து, அசையாத ஒரு கம்பியோடு பூட்ட வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால் அது மட்டுமே மிஞ்சலாம். ஃப்ரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சு இருக்கும் குழாயின் அடியில் பொறித்திருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் போனால் காவலரும் காவல் நிலையமும் முதலில் கேட்பது அதைத்தான்.

கூரையுள்ள நிறுத்துமிடம் விடுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வெளியே நிற்கும் சைக்கிளின் செயின் ஒரு வாரத்திலேயே செம்மண் நிறமாகிவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். நனைந்த அன்றே துணியால் துடைத்து, செயினில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டால் போதும். எண்ணெய் ரிம்மில் பட்டால் பிரேக் பிடிக்காது, கவனம். காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். காற்றில்லாமல் ஓட்டினால் டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கிப் பஞ்சராகும். பழைய வகை வால்வு என்றால் வால் டியூப் துண்டுகள் சிலவற்றைப் பையில் வைத்திருங்கள். இரவில் இறங்கிய காற்றுக்குப் பலமுறை அந்த ரப்பர்தான் காரணமாக இருக்கும், பஞ்சராக இருக்காது.

ஓட்டத் தெரியாதவர்களுக்கு

பதினெட்டு வயதாகியும் சைக்கிள் ஓட்டத் தெரியாமல் வருபவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். இனிமேல் எங்கே கற்றுக்கொள்வது என்று தயங்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில். அவர்களில் பலர் பிள்ளை பெற்றவர்கள். உங்களால் முடியாதா?

இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, பாதம் முழுவதும் தரையில் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்துங்கள். லேசான சரிவில் காலால் தள்ளித் தள்ளிப் போய்ப் பழகுங்கள். பாதங்களைத் தூக்கியபடி பத்து மீட்டர் உருண்டுபோக முடிந்தால் பேலன்ஸ் வந்துவிட்டது. அப்புறம் பெடலை மாட்டி, சீட்டை மெல்ல மெல்ல உயர்த்தலாம். ஞாயிறு காலை ஆளில்லாத மைதானம் இதற்குத் தோதான இடம். பின்னால் ஒருவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடும் பழைய முறையைவிட இது சீக்கிரம் பலன் தரும், முட்டியும் அதிகம் கிழியாது.

விடுமுறையும் கடைசி வருடமும்

கோடை விடுமுறைக்குப் போகுமுன் காற்றை நன்றாக அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, நிழலில் பூட்டிவிட்டுப் போங்கள். காற்றிறங்கி மே வெயிலில் நின்ற டயர் மடிப்பில் வெடிக்கும். நீண்டநாள் கேட்பாரற்று நிற்கும் சைக்கிள்களை நிர்வாகம் அப்புறப்படுத்தும் வழக்கம் பல வளாகங்களில் உண்டு. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், ஸ்டிக்கரைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கடைசி வருடத்தில் விற்பதைத் தேர்வு முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் விற்கும்போது விலை விழுந்துவிடும். ஜூனியர் ஒருவரிடம் முன்பே பேசி, படிப்பு முடியும் அன்று தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டால் இருவருக்கும் லாபம்.

முடிவுக்கு வர

கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள். உங்களுக்குப் பொருந்தும் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1. வளாக விதி சைக்கிளை அனுமதிக்கவில்லை: வேண்டாம்.

2. வகுப்பு 600 மீட்டருக்குள்: வேண்டாம். மிச்சப் பணத்தில் நல்ல செருப்பும் குடையும் வாங்குங்கள்.

3. வளாகம் பெரியது, பைக்குக்குத் தடை, சீனியர் எல்லோரும் சைக்கிளில்தான் போகிறார்கள்: முதல் வாரமே வாங்குங்கள்.

4. வீட்டில் உண்மையிலேயே சும்மா நிற்கும் சைக்கிள் உண்டு, அனுப்பும் செலவும் குறைவு, ஒருவழித் தூரம் 1 கிலோமீட்டருக்கு மேல்: ஒருமுறை கடையில் விட்டு முழுசாகச் சரிபார்த்துக் கொண்டுபோங்கள்.

5. நிறுத்தக் கூரையும் இல்லை, அருகில் பஞ்சர் கடையும் இல்லை: ஒரு கைப்பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் வாங்கி, ஒட்டக் கற்றுக்கொள்ள மனமிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

6. இவை எதிலும் அடங்காதவர்கள்: இரண்டு வாரம் நடங்கள். எந்த வகுப்புக்கெல்லாம் தாமதமாகப் போனீர்கள் என்று குறித்து வையுங்கள். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் தூரத்தால் தாமதம் என்றால் பழைய சைக்கிள் ஒன்று தேடுங்கள். தூக்கத்தால் தாமதம் என்றால் அதற்குச் சைக்கிள் உதவாது, அலாரம்தான் வேண்டும்.